தேக்கு மேசையில் வெள்ளை வளையம்

சூடான காபி டபரா வைத்த இடத்தில் வெள்ளை வளையம், ஈரத்துணியால் தேய்த்தும் போகவில்லை என்கிறீர்கள். ஈரத்துணியை முதலில் நிறுத்துங்கள். வெள்ளையாக இருந்தால் ஈரம் பாலிஷுக்குள்தான் மாட்டியிருக்கிறது, மரம் தப்பித்தது.

2 நாள் ஃபேன் காற்றில் விடுங்கள். நம்மூர் நவம்பர் மழையில் இன்னும் தாமதமாகும். பிறகும் இருந்தால் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து விரித்து, அயர்ன் பாக்ஸை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் 3 விநாடி ஒற்றி எடுத்துப் பாருங்கள். அழுத்தி வைத்தால் பாலிஷ் இளகி, துணியின் நெசவு அப்படியே அச்சாகிவிடும்.

அப்படியும் மிச்சமா? மேசைக்கு அடியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் (பாலிஷ் கலக்கப் பயன்படும் ஆல்கஹால்) விட்டுத் தொடுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். துணியில் ஸ்பிரிட் தொட்டு, நன்றாகப் பிழிந்து, வளையத்தின் மேல் ஒரே திசையில் விர்ரென்று இழுங்கள். நின்றால் குழி விழும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நிமிடம் இடைவெளி கொடுங்கள். பிசுபிசுக்காவிட்டால் ஸ்பிரிட்டை மறந்துவிடுங்கள்.

பற்பசையால் தேய்ப்பதைக் கடைசி வழியாக வையுங்கள், பளபளப்பு மங்கும்.

வளையம் கறுப்பாக இருந்தால் கதை வேறு: தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, இரும்புச் சத்தோடு மரத்தின் டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர்ந்த கறை அது. பாலிஷைச் சுரண்டி எடுத்து, கையுறை போட்டு, கறையை வெளுக்கும் ஆக்சாலிக் அமிலம் பூச வேண்டும்.