சுபேதார் பதில்கள்: லேயில் குளிர்காலம் ஆடி மாதமே தொடங்கிவிடும்

(இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் அளிப்பவர், ராணுவத்தின் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ் பிரிவில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வுபெற்ற வேலூர் மாவட்டக்காரர்.)

கேள்வி: பட்டாளத்துக்காரர் என்கிறீர்கள். அரிசி, பருப்பு நிறுத்துப் போட்டேன் என்றும் சொல்கிறீர்கள். அது ரேஷன் கடை வேலைதானே? (வாசகர், குடியாத்தம்)

கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்காரவைத்தே இதைக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் தபாலில் கேட்டது எவ்வளவோ மரியாதை. ஆமாம் ஐயா, ரேஷன் கடைதான். கார்டுதாரர் 18,000 அடி உயரத்தில் காவலுக்கு நிற்கிறார், அவரால் கடைக்கு வர முடியாது, கடைதான் அவரைத் தேடிப் போக வேண்டும். போகிற வழியில் பனிச்சரிவு உண்டு. சில வருடங்களில் பீரங்கிக் குண்டும் உண்டு.

சாப்பாடு, பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், அவற்றைச் சுமக்கும் லாரி, லாரி போகாத இடத்துக்குக் கோவேறு கழுதை, கழுதையும் போகாத இடத்துக்கு விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்க மூட்டை கட்டுவது, எல்லாம் எங்கள் பொறுப்பு. துப்பாக்கியும் உடுப்பும் ஆர்ட்னன்ஸ் கார்ப்ஸின் கணக்கு. கும்பினிக் காலத்தில் வங்காளம், மதராஸ், பம்பாய் என்று மூன்று மாகாணப் படைகளுக்கும் தனித்தனி கமிசரியட் (படைக்குச் சாப்பாடு சேர்க்கும் துறை) இருந்தது. அவையெல்லாம் ஒன்றாகிப் பல பெயர் மாறி, 1923-இல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ் ஆனது. இன்று எங்கள் பயிற்சி மையம் பெங்களூருவில் இருக்கிறது.

கேள்வி: லடாக்கில் பனிக்காலத்தில் ரோடு மூடிவிட்டால் ராணுவம் என்ன சாப்பிடும்? (பள்ளி ஆசிரியை, ஆம்பூர்)

கோடையில் ஏற்றி வைத்ததைச் சாப்பிடும். என் காலத்தில் லடாக்கின் லே நகருக்கு இரண்டு சாலைகள். ஒன்று ஸ்ரீநகரிலிருந்து ஜோஜி லா கணவாய் வழியாகக் கார்கில் போய் வருவது. மற்றது மணாலியிலிருந்து வருவது. 2020-இல் ரோத்தங் மலைக்கு அடியில் 9 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள். ஆனாலும் அதைத் தாண்டிய பிறகு பாராலாச்சா, தங்லங் லா என்று 16,000, 17,000 அடிக் கணவாய்கள் காத்திருக்கின்றன. என் காலத்தில் நவம்பர், டிசம்பரில் மூடினால் மே மாதம்தான் திறக்கும். ஆகவே எங்கள் ஊரில் ஆடிக் காற்று அடிக்கும்போது, நாங்கள் லேயில் தை மாதத்து அரிசியை இறக்கிக்கொண்டிருப்போம்.

டிப்போவில் அதிகாலையில் லாரி வந்து நின்றதும் தார்ப்பாயை அவிழ்ப்போம். மூட்டைக்குள் குத்தூசியைச் செலுத்தி ஒரு கை அரிசி எடுத்து, முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். ஈரம் பட்ட அரிசியின் வாடையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். டின்னில் அடைத்த பண்டமானால் மூடியை விரலால் தட்டிப் பார்ப்பேன். உப்பிய டின்னின் சத்தமே வேறு. அதைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். பிறகு அட்டி போடுவது. சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது, தரையில் பலகை இல்லாமல் வைக்கக் கூடாது, பழைய சரக்கு முன்னால் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மூட்டைகளில் நடுவிலுள்ள ஒன்று கெட்டுப்போனால், பிப்ரவரியில் வேறொன்றை வரவழைக்க வழியே கிடையாது.

உணவைவிட எரிபொருள்தான் பெரிய தலைவலி என்றால் பலர் நம்புவதில்லை. லே 11,500 அடியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு வைத்தால் மணிக்கணக்கில் கொதிக்கும், வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே லங்கர் கிடையாது (சிப்பாய்களின் சமையற்கூடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). சியாச்சின் காவல்சாவடிகளில் நிலைமை இன்னும் மோசம். குடிதண்ணீரே பனிக்கட்டியை உருக்கித்தான். ஒரு டம்ளர் டீ போடவும் மண்ணெண்ணெய், முகம் கழுவவும் மண்ணெண்ணெய். அந்த ஜெரிகேன்கள் கடைசித் தூரத்தை ஹெலிகாப்டரில்தான் போகும். முட்டை அங்கே கல்லாகிவிடும். உரித்தால் கோலிக்குண்டு போல உருளும்.

டீசலும் குளிரில் இறுகும். டிரைவர்கள் அதில் மண்ணெண்ணெய் கலந்துதான் வண்டியைக் கிளப்புவார்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத டீசலைக் கொண்டுவந்தது. கொஞ்சம் முன்பே கொண்டுவந்திருக்கலாம், எத்தனையோ டிரைவர்களின் விரல்கள் பிழைத்திருக்கும்.

கேள்வி: சப்ளை சரியில்லாமல் தோற்ற போர் ஏதாவது உண்டா? (வாசகர், திருப்பத்தூர்)

உண்டு. இன்றைய ஈராக்கில், டைக்ரிஸ் ஆற்றின் வளைவில் குத் அல் அமாரா என்ற ஊர். முதல் உலகப் போரில், 1915 டிசம்பரில், பிரிட்டிஷ் ஜெனரல் டவுன்ஷெண்டின் படையைத் துருக்கியர்கள் அங்கே சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பாஸ்ரா துறைமுகத்தில் சரக்குக் கப்பல்கள் இறக்க ஆளில்லாமல் வாரக்கணக்கில் நின்றன. ஆற்றில் மேலே கொண்டுபோகப் போதுமான படகுகள் இல்லை. விமானத்திலிருந்து மாவு மூட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள், சில ஆற்றில் விழுந்தன. ஏப்ரல் 24 இரவு ஜுல்னார் என்ற நீராவிக் கப்பல் 270 டன் உணவோடு தடுப்பை உடைத்துக்கொண்டு புறப்பட்டது. குத்துக்குச் சில மைல் முன்னால் ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த வடத்தில் சிக்கி, சரக்கோடு துருக்கியர் கைக்குப் போனது. ஐந்தாம் நாள், 1916 ஏப்ரல் 29, சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். தைரியம் இல்லாமல் அல்ல, மாவு இல்லாமல்.

நம்முடைய 1962 சீனப் போரும் பாதி இந்தக் கதைதான். இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் சாலை தவாங்கோடு முடிந்துவிட்டது. நம்கா சூ ஆற்றங்கரைக்குப் போன படைப்பிரிவுக்கு விமானத்தில் போட்ட மூட்டைகளில் பல பள்ளத்தாக்கில் காணாமல் போயின. பருத்தி உடுப்போடு பனியில் நின்றவர்களிடம், ஏன் பின்வாங்கினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்களை அங்கே அனுப்பியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: கோவேறு கழுதைக்கு ராணுவத்தில் பென்ஷன் உண்டாமே? (கல்லூரி மாணவர், வாணியம்பாடி)

கிண்டல் புரிகிறது தம்பி. பெடோங்கி என்று ஒருத்தி இருந்தாள், ஸ்பெயின் இனம். 1971 போரில் பாகிஸ்தான் படை அவளைப் பிடித்துத் தங்கள் சுமையை ஏற்றியது. அவள் அவர்களுடைய மெஷின்கன்னும் தோட்டாப் பெட்டிகளும் முதுகில் இருக்க, நேரே நம் பக்கம் நடந்து வந்துவிட்டாள். மிக நீண்ட காலம் பணியாற்றிய ராணுவக் கோவேறு கழுதை என்று கின்னஸிலும் ஏறினாள். 1998-இல் பரேலியில் இறந்தாள்.

அதற்கும் முன்னே, 1939 டிசம்பரில், பம்பாயிலிருந்து எங்கள் கழுதைக் கம்பெனிகள் நான்கு பிரான்ஸுக்குக் கப்பலேறின. பிரிட்டிஷ் படை முழுக்க மோட்டாருக்கு மாறி, சேற்றில் திணறிக்கொண்டிருந்த நேரம். பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம் வீரர்கள். 1940-இல் ஜெர்மானியரிடமிருந்து தப்பப் பிரிட்டிஷ் படை படகேறிய டன்கர்க் கரையில் அவர்களும் நின்றார்கள். ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. திரும்பிய படகுகளில் கழுதைகளுக்கு இடம் இல்லை.

இப்போது ட்ரோன்களும் நாலு கால் இயந்திரங்களும் வந்துவிட்டன. 2025 ஜனவரியில் புனே ராணுவ தின அணிவகுப்பில் அந்த இயந்திரங்கள் நடந்து போனதை டிவியில் பார்த்தேன். வரட்டும். அதன் பாட்டரி அந்தக் குளிரை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அறிய எனக்கும் ஆசைதான்.

கேள்வி: என் மகள் உங்கள் பிரிவில் சேரலாமா? (வாசகி, ஆற்காடு)

தாராளமாக அம்மா. 1990-களின் தொடக்கத்தில் பெண் அதிகாரிகளை எடுக்க ஆரம்பித்த முதல் சில பிரிவுகளில் எங்களுடையதும் ஒன்று. பயிற்சி சென்னையிலேயே, பரங்கிமலை அகாடமியில் கிடைக்கும். 2019 குடியரசு தினத்தில் எங்கள் பிரிவின் 144 ஆண்கள் அணிவகுத்தார்கள். முன்னால் நடந்தவர் லெப்டினன்ட் பாவனா கஸ்தூரி. பட்டம் முடித்ததும் அதிகாரித் தேர்வு எழுதச் சொல்லுங்கள். மலை ஏறப் பிடிக்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிலிட்டரி கேன்டீனும் உங்கள் பிரிவா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர், காட்பாடி)

இல்லை, அது தனித் துறை. பெயர் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பது விளங்குகிறது. என் கோட்டா எனக்கே போதவில்லை.