பம்ப் அங்கே இல்லை என்றான் பொடியன்

கேள்வி: முப்பது வருடமாக மொறிஸ் மைனர் கார் வைத்திருக்கிறேன். எல்லா வேலையும் என் கையாலேயே செய்வேன். அலஸ்தோட்டத்தில் ஒரு பொடியன், காலஞ்சென்ற ஒருவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய மைனரை அவருடைய வீட்டாரிடம் வாங்கியிருக்கிறான். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் எதற்கென்றுகூடத் தெரியாது. இரவு பத்து மணிக்கும் போன். போன கிழமை உச்சி வெயிலில் நிலாவெளி றோட்டில் கார் நின்றுவிட்டது. "பொனற்றைத் திறந்து, பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்குதா பார்" என்றேன். "அங்கிள், அப்படி ஒன்றும் இங்கே இல்லை" என்கிறான். "கண் தெரியாதா உனக்கு?" என்று கத்திவிட்டேன். அரை மணித்தியாலம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகி வீடு சேர்ந்தானாம். அதன்பிறகு போன் இல்லை. அவன் அனுப்பிய படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். இந்தப் பிள்ளைகளிடம் எப்படிப் பொறுமையாக இருப்பது?
– உவர்மலை வாசகர்

பதில்: படத்தைப் பார்த்தேன் ஐயா. பம்ப் அங்கே இல்லைதான்.

நீங்கள் தேடச் சொன்னது எஸ்.யு. கம்பனியின் மின்பம்ப், எஞ்சினுக்குப் பெற்றோலைத் தள்ளுவது. மைனரில் அது எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் இருக்கும். திறப்பைத் திருப்பியதும் அடிக்கத் தொடங்கி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் நிறைந்ததும் அடங்கும். ஆனால் படத்தில் இருப்பது மைனரின் எஞ்சினே இல்லை. மணியைக் கவிழ்த்து வைத்தது போல நிற்கும் எஸ்.யு. காபரேற்றரைக் காணோம், எஞ்சினுக்கு மேலே வட்டமாக ஓர் எயார் கிளீனர்தான் தெரிகிறது. பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும், நீளக் குழல் போன்ற டைனமோவும் இல்லை. அதற்குப் பதிலாகக் குட்டையாக, கொழுத்த ஒல்டனேற்றர் ஒன்று இருக்கிறது. டட்சன் 1200இன் எஞ்சின் என்றுதான் எனக்குப் படுகிறது, 1171 சி.சி. மைனருக்கு அதைப் போடுவது நம் நாட்டில் புதினமும் இல்லை. அந்த எஞ்சினில் பெற்றோல் பம்ப் எஞ்சினின் பக்கத்திலேயே பூட்டியிருக்கும், எஞ்சின் சுற்றினால்தான் வேலை செய்யும். திறப்பைத் திருப்பிவிட்டு எவ்வளவு நேரம் காதைக் கொடுத்தாலும் டிக் என்று ஒரு சத்தம் வராது.

உங்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. பல வருடங்களுக்கு முன் கன்னியாப் பக்கம் ஒரு பழைய ஒஸ்டினுக்குப் பற்றரி மாற்றப் போனேன். கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத மனிதர், "சிவப்பு வயர் மற்றப் பக்கம் கிடந்த மாதிரி இருக்கு" என்று மெல்லச் சொன்னார். புத்தகத்தில் பொசிட்டிவ் ஏர்த் (பற்றரியின் பொசிட்டிவ் முனை காரின் பாடியோடு) என்று அச்சடித்திருக்கிறதே, இவருக்கு என்ன தெரியும் என்று நான் காதில் வாங்கவில்லை. முந்தி அதைக் கட்டியவர் ஒல்டனேற்றர் போட்டு, நெகற்றிவை பாடிக்கு மாற்றியிருந்தார். வயரை மாட்டியதும் பளிச்சென்று ஒரு பொறி, பிறகு எரிந்த மணம். ஒல்டனேற்றருக்குள் இருந்த டயோட்டுகள் போயின. காசை நான்தான் கொடுத்தேன். அந்த மனிதர் ஒரு சொல் சொல்லாமல் தேத்தண்ணி தந்தார். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பொறுமைக்கு வழி கேட்கிறீர்கள். முப்பது வருடம் மைனர் வைத்திருந்தவரிடம் அது இல்லாமலா? உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் காரை மனதில் வைத்துக்கொண்டு அவன் காருக்குப் பதில் சொல்கிறீர்கள், கோபம் அங்கேதான் வருகிறது. கட்டியவர் எந்த வயரை எங்கே கொண்டுபோனார் என்பது அவரோடு போய்விட்டது. அந்தக் காருக்கு முன்னால் நீங்களும் அவனும் ஒரே வகுப்பு. சோக் தெரியாதது வேறு விஷயம், அது ஒரு நாளில் படிக்கக் கூடியது.

உங்கள் மைனர் இன்னும் தொழிற்சாலையில் வந்தபடியே பொசிட்டிவ் ஏர்த் என்றால், உங்கள் பற்றரியிலிருந்து வயர் இழுத்து அவன் காருக்கு ஜம்ப் கொடுக்கப் போகும் நாளில் கவனம். அவனுடையது அநேகமாக நெகற்றிவ் ஏர்த். வயர் கொடுத்த நிலையில் இரண்டு பம்பரும் உரசினால் போதும், பற்றரி அப்படியே ஷோர்ட் ஆகிவிடும். பாடிக்குப் பாடி வயர் போடும் பழக்கமும் அங்கே உதவாது. அன்றைக்கு அவன் "அங்கிள், பொறுங்கோ" என்றால் கேளுங்கள்.

வெயிலில் நின்று, ஆறிய பின் ஓடியது என்பதால் எனக்கு இரண்டு சந்தேகம்: சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயில் சூடேறியிருக்க வேண்டும். அடுத்தமுறை நின்றவுடனேயே ஒரு பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று அவன் பார்க்கட்டும். வந்தால் கொயிலை விட்டுவிட்டுப் பெற்றோல் பக்கம் போகலாம். நம் ஊர் உப்புக்காற்றுக்கு ஏர்த் வயரின் நுனியையும் ஒருதரம் சுரண்டிவிடச் சொல்லுங்கள். போனில் "அது அடிக்குதா பார்" என்று கேட்காமல், "என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிப் போன் தொல்லைதான், மறுக்கவில்லை. ஞாயிறு காலையில் வா என்று சொல்லிவிடுங்கள்.

காரைக் கட்டியவரின் வீட்டுக்கும் இரண்டு பேருமாக ஒருமுறை போய் வாருங்கள். சாமான் வாங்கிய பில், வயர் கீறிய சி.ஆர். கொப்பி, கூட நின்று வேலை செய்த பொடியன் யாராவது, ஏதாவது ஒன்று அகப்படும். போகும்போது அந்த வீட்டம்மாவிடம் காரைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள்.

அவனைக் கூப்பிடப் பெரிய மன்னிப்பெல்லாம் தேவையில்லை. "தம்பி, நீ சொன்னது சரி, பம்ப் அங்கே இல்லை" என்றால் போதும். படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பம்ப் இருக்கும் இடத்தில் பேனையால் வட்டம் போட நினைத்தேன், போடவில்லை. அதை அவன் தேடி உங்களுக்குக் காட்டட்டும்.