புரட்டாசி விரதம் நுரையீரல் ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி: என் அக்காவுக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஒரு தடவை மயங்கியும் விழுந்தாள். இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம் என்றார்கள். பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவில் கோளாறு இருக்கிறதாம். சில்டெனஃபில், நீர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மூன்றும் சாப்பிடுகிறாள். பட்டினி கிடந்தால் செல்கள் தங்கள் கழிவைத் தாங்களே தின்று சுத்தமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, இந்தப் புரட்டாசியில் முழு விரதம் இருக்கப்போகிறேன் என்கிறாள். என் தம்பியோ, குளோரோகுயின் மாத்திரை அந்தத் தின்னுதலை நிறுத்தி இந்த நோயைத் தடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, மூட்டுவாதத்துக்கு அந்த வகை மாத்திரை சாப்பிடும் ஆன்ட்டியிடம் ஒரு அட்டை வாங்கி வந்திருக்கிறான். யார் சொல்வது சரி? எனக்கும் இந்த நோய் வருமா?
— வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இரண்டு பேரும் படித்ததற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. இரண்டு பேரும் செய்யப்போவதுதான் தப்பு. முதலில் அந்த அட்டையை ஆன்ட்டியிடம் திருப்பிக் கொடுங்கள், அவருக்கு அது வேண்டும். அப்புறம் மீதியைப் படியுங்கள்.

செல்லுக்குள் பழுதான புரதங்களையும் தேய்ந்துபோன உறுப்புகளையும் ஒரு சவ்வுப் பை சுற்றி வளைத்து, லைசோசோம் என்ற அமிலப் பையிடம் கொண்டு சேர்க்கும். அங்கே எல்லாம் கரைந்து, மறுபடி பயன்படும் சரக்காக வெளியே வரும். இதற்கு ஆட்டோஃபாஜி என்று பெயர். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு இதன் மரபணுக்களைக் கண்டுபிடித்தார். 2016-இல் நோபல் பரிசும் கிடைத்தது. விரதத்தைப் பற்றிய வாட்ஸ்அப் செய்திகளுக்கு அதிலிருந்து நல்ல தீனி.

பழைய காரைப் பிரித்துப் போடும் ஸ்கிராப் யார்டு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அது வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் காரின் பிரேக்கையே அவன் கழற்றிக்கொண்டு போனால்?

உங்கள் அக்காவுக்கு நடப்பது கிட்டத்தட்ட அதுதான். நுரையீரலின் நுண்தமனிகளில் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் ஏற்பி ஒன்று, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம், செல்லின் மேல்பரப்பில் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணுதான் பி.எம்.பி.ஆர்.2. இந்த நோயோடு அதற்குள்ள தொடர்பு 2000-இல் தெரியவந்தது. அக்காவுக்கு அதன் இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் கோளாறு. மற்றது நன்றாக இருப்பதால் கொஞ்சம் ஏற்பியாவது மிஞ்சும். அந்த மிச்சத்தையும் லைசோசோம் கரைத்துவிட்டால் தமனிச் சுவர் தடிக்கும், உள்வழி குறுகும், வலது இதயம் திணறும்.

உங்கள் தம்பி படித்தது 2013-இல் வந்த எலி ஆய்வாக இருக்கும். கிலுகிலுப்பைச் செடியிலிருந்து எடுக்கும் மோனோகுரோடலின் என்ற நஞ்சை எலிக்கு ஊசி போட்டால், சில வாரங்களில் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறிவிடும். அந்த எலிகளுக்கு குளோரோகுயின் கொடுத்தார்கள். லைசோசோமின் வேலை முடங்கியது, ஏற்பி கரையாமல் நின்றது, நோய் முற்றவில்லை. சரி, அப்படியானால் ஆட்டோஃபாஜியை நிறுத்திவிட வேண்டியதுதானே? அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த எலி ஆய்வு நேர் எதிராகச் சொல்லியிருந்தது. ஆட்டோஃபாஜிக்கு வேண்டிய எல்.சி.3பி புரதம் இல்லாத சுண்டெலிகளை ஆக்சிஜன் குறைந்த காற்றில் வைத்தபோது, மற்ற சுண்டெலிகளைவிட அவற்றுக்குத்தான் நோய் அதிகமானது. அதாவது அங்கே இதே வேலை உடம்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இந்த முரண் எனக்குப் பிடித்த இடம். ஆட்டோஃபாஜி நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, எந்தச் செல்லில், எந்த நேரத்தில், யார் அதை முடுக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். முடுக்குவது மரபணுக் கட்டுப்பாடு. சாப்பாடு நிறைய இருக்கும்போது எம்டார் என்ற புரதம் விழித்திருந்து, டி.எஃப்.ஈ.பி என்ற இன்னொன்றைச் செல்லின் கருவுக்குள் போகவிடாமல் பிடித்துவைக்கும். பட்டினியில் எம்டார் அடங்கிவிடும். டி.எஃப்.ஈ.பி உள்ளே நுழைந்து லைசோசோம் மரபணுக்களை வரிசையாகத் திறந்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் எச்.ஐ.எஃப் என்ற வேறொரு குழு கிளம்பும். இது போதாதென்று மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டித் துணுக்குகளும் உண்டு. மரபணு அனுப்பும் செய்தியை வழியிலேயே மடக்கி, புரதம் உருவாகாமல் செய்வது இவற்றின் வேலை. கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ரவ்கன் இருவருக்கும் 2024-இல்தான் நோபல் கொடுத்தார்கள். இந்த நோயுள்ளவர்களின் தமனிச் செல்களில் சில துணுக்குகள் கூடியும் சில குறைந்தும் இருக்கின்றன.

இவ்வளவு பேர் கை வைக்கும் வேலையை, சாப்பிடாமல் இருந்து நுரையீரல் தமனியில் மட்டும் சரிசெய்ய முடியாது. பட்டினி ஈரல், தசை, இதயம் எல்லாவற்றையும் தொடும்.

இனி விரதம். நம் ஊரில் பலர் செய்வது போல மாதம் முழுக்கக் கவுச்சி தொடாமல் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பருப்பு, பீன்ஸ் கறி, பூசணிக்காய் எல்லாம் சாப்பிடலாம். ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்புதான் ஆகாது, காலில் நீர் கோக்கும். முழுப் பட்டினியோ தண்ணீர் குடிக்காத விரதமோ வேண்டவே வேண்டாம். நீர் மாத்திரை ஒருபக்கம் உடம்புத் தண்ணீரை இறக்கும், சில்டெனஃபில் இன்னொரு பக்கம் ரத்த அழுத்தத்தை இறக்கும். ஏற்கெனவே மயங்கி விழுந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். விரத நாள் என்று மாத்திரையை விட்டுவிடுவது அதைவிட ஆபத்து. இன்னொன்று, வார்ஃபரின் சாப்பிடுபவர் புரட்டாசி வந்ததும் திடீரென்று தினம் கீரை சமைக்க ஆரம்பித்தால் ரத்தம் உறையும் அளவு மாறிவிடும். எப்போதும் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடட்டும். மாத ஆரம்பத்தில் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை ஒன்று செய்துகொண்டால் நல்லது. காவடி எடுப்பது, தீமிதிப்பது பற்றிப் பேச்சு வந்தால் இந்த வருடம் வீட்டில் வேறு யாராவது எடுக்கட்டும்.

குளோரோகுயின் இதயத்துடிப்பின் தாளத்தைக் குலைக்கும், நாள்பட்டால் விழித்திரையையும் கெடுக்கும். எலியில் பலித்தது என்பதற்காக மனிதருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த மரபணுவைப் பிடித்துக்கொண்டு போன ஆராய்ச்சி வீண்போகவில்லை. சோட்டடெர்செப்ட் என்ற ஊசி மருந்து, செல்லைப் பெருகத் தூண்டும் ஆக்டிவின்களைப் பிடித்துவைத்து, பி.எம்.பி.ஆர்.2 பக்கம் தராசைத் திருப்பப் பார்க்கிறது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதித்தார்கள். அக்காவின் இதய மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி., ஆற்றுத் தண்ணீரில் தொற்றும் பில்ஹார்சியா, நுரையீரலில் பழைய ரத்தக்கட்டி மூன்றையும் பார்த்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். நம் டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் மரபணுக் கோளாறு கிடைத்தாலும் இவற்றை விட்டுவிடக் கூடாது. அக்கா இன்னொரு பிள்ளை பெறுவது உயிருக்கே ஆபத்து, கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் சொந்தக்காரர் கல்யாணம் என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். அது 1,700 மீட்டர் உயரம், ஆக்சிஜன் குறைவு, எச்.ஐ.எஃப் குழு கிளம்பும் இடம்.

உங்களைப் பற்றி. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ இந்தக் கோளாறு வந்திருந்தால், உங்களுக்கும் தம்பிக்கும் அது இருக்க ஆளுக்குப் பாதி வாய்ப்பு. இருந்தாலும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. கோளாறு உள்ள பெண்களில் சுமார் 42 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம் பேருக்கு வருகிறது. முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், பரிசோதனை வேண்டுமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். கோளாறு உங்களுக்கும் இருந்தால் வருடா வருடம் இதய எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அக்காவின் பிள்ளைகளைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடலாம். போகும்போது அக்காவின் மரபணு அறிக்கையின் நகலை எடுத்துப் போங்கள். எந்த இடத்தில் மாற்றம் என்று அதில் எழுதியிருக்கும், உங்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.