மோரிஸ் மைனர்: எதை வரவழைக்கலாம், எதை இங்கே வாங்கலாம்?

கேள்வி: என் 1960 மோரிஸ் மைனர் காருக்கு பிரேக் வீல் சிலிண்டர், முன் மட்கார்ட், பேரிங் எல்லாம் தேவை. இங்கிலாந்திலிருந்து மொத்தமாக வரவழைப்பது லாபமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மொத்தமாக வேண்டாம். பேரிங், ஆயில் சீல் இரண்டையும் பினாங்கிலேயே தேடுங்கள். பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டினால் பேரிங் கடைக்காரருக்குப் போதும்.

வீல் சிலிண்டரைத் தாராளமாக வரவழைக்கலாம். சின்னது, அனுப்பும் செலவு குறைவு. அதற்குமுன் முன்சக்கர பிரேக் டிரம்மின் விட்டத்தை அளந்துவிடுங்கள். 948 சிசி வண்டிக்கு 7 அங்குலம், 1962க்குப் பின் வந்த 1098 சிசிக்கு 8 அங்குலம். எஞ்சின் மாற்றிய வண்டிகள் ஏராளம் என்பதால் எஞ்சினைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். உள்ளூரில் 'பழைய ஸ்டாக்' என்று மலிவாகக் கிடைக்கும் சிலிண்டர் ரப்பர் அலமாரியிலேயே இறுகிப்போயிருக்கும், ஒழுகும். பிரேக்கில் அந்தச் சிக்கனம் கூடாது.

மட்கார்ட்தான் பணத்தை விழுங்கும். கூரியர் கம்பெனிகள் பெட்டியின் அளவையும் எடையாக்கிக் கணக்கிடும்: 110 × 60 × 40 செ.மீ. பெட்டியை 5000ஆல் வகுத்தால் 52.8 கிலோ. தகடு அதில் கால்வாசிகூட இருக்காது! விளிம்பு மட்டும் துருப்பிடித்திருந்தால் 1 மி.மீ. தகட்டில் ஒட்டுப் போடத் தெரிந்த பட்டறையைப் பாருங்கள்.

விலை கேட்கும்போது, பிரிட்டனின் 20% வாட் வரியைக் கழித்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். 120 பவுண்டு 100 ஆகும். இங்கே மலேசியாவில் 500 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும் சரக்குக்கு, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைமீதுதான் சுங்கம் வரி போடும்.