வாசகர் கேள்வி பதில்: ஏழு கிலோ பையோடு வெளிநாடு

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் மகன், கணவர், மாமியாரோடு பேங்காக் போகிறோம். மலிவு விமானம், தலைக்கு 7 கிலோ கைப்பை மட்டும்தான். எந்தெந்தச் செயலிகள் வேண்டும்? மாமியார் சுத்த சைவம். (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

பதில்: எந்தச் செயலியாக இருந்தாலும் வீட்டு வைஃபையிலேயே இறக்கி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, நெட் இல்லாமல் எது ஓடுகிறது, எது படுத்துவிடுகிறது என்று பார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் இறங்கிய பிறகு, பெரியவரை ஒரு ஓரமாக உட்காரவைத்துவிட்டு இதையெல்லாம் ஆரம்பித்தால், அந்த அவசரத்தில் டாக்சிக்காரர் சொன்ன காசைக் கொடுத்துவிட்டு ஏறிவிடுவோம்.

கூகுள் மேப்ஸில் பேங்காக் வரைபடத்தை இறக்கி வைக்கலாம், சரி. ஆனால் நெட் இல்லாதபோது அது கார் போகும் வழியை மட்டுமே காட்டும், நடைவழியும் ரயில் பஸ் வழியும் வராது. அதனால் ஆர்கானிக் மேப்ஸையும் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம், நடைவழியை நெட் இல்லாமலே சொல்லும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தாய்லாந்து மொழியைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இங்கே டாக்சிக்கு வைத்திருக்கும் கிராப் செயலியே அங்கேயும் ஓடும், கூடவே போல்ட் இருந்தால் இரண்டிலும் விலை பார்த்து ஏறலாம். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் ஏர்போர்ட் ரயில் பாயா தாய் நிலையம் வரை 45 பாட்தான், ஆனால் வயதானவரோடு நான்கு பேராகப் போகும்போது கிராப் எடுப்பதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

மாமியார் சாப்பாட்டைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்கே வெறும் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள், கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. கடை வாசலில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்குகிறதா என்று பாருங்கள். அது 'ஜே' உணவுக்கான அடையாளம்: மீன், கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது, பூண்டு வெங்காயம்கூட இருக்காது. ஹேப்பிகௌ செயலியில் பக்கத்தில் இருக்கும் சைவக் கடைகளைத் தேடலாம். சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, அவரை அங்கே அவசியம் அழைத்துப் போங்கள்.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் வைத்த சின்னப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும், முதுகுப்பை ஒரு கிலோகூட வராது. மூன்று செட் துணி போதும், காசு போட்டுத் துவைக்கும் கடைகள் பேங்காக்கில் நிறைய. கனமான காலணியைக் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். மாமியாரின் மாத்திரைகளை அட்டையோடு, மருந்துச் சீட்டோடு வையுங்கள், டப்பாவில் கொட்டி எடுத்துப் போக வேண்டாம். இட்லிப்பொடி தாராளமாக எடுத்துப் போகலாம். ஊறுகாய் மட்டும் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

கேள்வி: முஸ்தபா கடையில் பணம் மாற்றிக்கொண்டு போவதா, கார்டை நம்பிப் போவதா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டும். தெருக்கடைக்கும் கோயில் உண்டியலுக்கும் கொஞ்சம் நோட்டு, மற்றதற்கு யூட்ரிப், வைஸ் மாதிரி பல நாணய அட்டை. தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் இருநூறு பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், ஆகவே நூறு இருநூறாக எடுக்காதீர்கள். கடையில் அட்டையைத் தட்டும்போது சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா என்று மெஷின் கேட்கும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், வெள்ளியைத் தொட்டால் அவர்கள் வைத்த விகிதத்தில்தான் போகும்.

அப்புறம், பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்தும் நம் வங்கிகளின் டிஜிட்டல் டோக்கன் இருப்பது போனுக்குள். போன் தொலைந்து, புதுப் போனில் டோக்கனை மறுபடி அமைத்தால் சில முக்கியமான வங்கி வேலைகளுக்குக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் காசு இருக்க வேண்டுமே! இரண்டாவது அட்டையை வேறொருவர் பையில் வையுங்கள். ஒரே பர்ஸில் இரண்டையும் வைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

கேள்வி: எனக்கு சிங்கப்பூர் பாஸ்போர்ட், மனைவி நிரந்தரவாசி, இந்திய பாஸ்போர்ட். மலேசியாவின் ஜோகூருக்கும் பிறகு தாய்லாந்துக்கும் போக என்ன படிவங்கள் வேண்டும்? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை, அதாவது ஆன்லைனில் நிரப்பும் வருகைப் படிவம், உங்களுக்குத் தேவையில்லை, உங்கள் மனைவிக்குத் தேவை. குடும்பமாகப் போகும்போது இதைத்தான் மறந்துவிடுகிறார்கள், கணவர் தாண்டிப் போய்விடுவார், மனைவி உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனையைக் கடந்த பிறகு போனில் படிவம் நிரப்பிக்கொண்டு நிற்பார். தாய்லாந்தில் 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோருக்கும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு, அதாவது உங்கள் இருவருக்குமே. இரண்டு நாட்டுப் படிவத்தையும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், இரண்டுமே இலவசம். கூகுளில் தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் வரும். பணம் கட்டும் பக்கம் வந்தாலே மூடிவிடுங்கள், பாஸ்போர்ட் எண்ணை அங்கே கொடுத்துவிடாதீர்கள். விசா விதி பாஸ்போர்ட்டுக்கு பாஸ்போர்ட் வேறு என்பதால், மனைவியின் இந்திய பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதமாவது பாக்கி இருக்கட்டும்.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் கொண்டுபோக விடுவார்களா? (பொங்கோல் வாசகி)

பதில்: விடுவார்கள். அது ஏறக்குறைய 74 வாட்-அவர், வரம்பு 100. ஆனால் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களுக்குள் அதில் போனைச் சார்ஜ் செய்யவும் கூடாது, ஆகவே போர்டிங்குக்கு முன்பே போனை நிரப்பிக்கொள்ளுங்கள்.