படம் பார்த்துப் படித்தவன்

அன்புள்ள அண்ணா,

மலாவி நாட்டு வில்லியம் கம்குவம்பாவின் சுயசரிதையை நீங்கள் சொல்லித்தான் வாசித்தேன். முன்பே சினிமாவாகப் பார்த்திருந்தேன். 14 வயதில் பள்ளியை விட்டு நின்ற பையன், பழைய சாமான்களை வைத்துக் காற்றாலை கட்டிவிட்டான்! கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் வறண்ட பூமிதான். பசிதான் அவனுக்கு மூளையைக் கொடுத்தது என்று தோன்றியது. தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கும் அண்ணன் மகனிடம் கொடுத்து, "ஒன்றுமே இல்லாதவன் என்ன செய்திருக்கிறான் பார்" என்று சொல்லப்போகிறேன். சரிதானே?

கே., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கே.,

புத்தகத்தைத் தாராளமாகக் கொடுங்கள். அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் பையன் அட்டையைக்கூடத் திறக்க மாட்டான்.

பசி மூளையைக் கொடுக்கும் என்பதற்கு அந்தப் புத்தகமே எதிர்சாட்சி. 2001-02 பஞ்சத்தில் அவர்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரே வேளை. அதுவும் ராத்திரி, ஆளுக்கு மூன்று வாய் மக்காச்சோளக் களி. கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பும் நின்றது. காற்றாலை எழுந்தது விளைச்சல் வீடு வந்து வயிறு கொஞ்சம் ஆறிய பிறகுதான். 2019இல் வந்த சினிமா பஞ்சத்தையும் காற்றாலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அதில் காற்றாலை தண்ணீர் இறைத்து வயலைக் காப்பாற்றுகிறது. நிஜத்தில் அது முதலில் எரியவைத்தது ஒரு சின்ன பல்பை. எனக்கு அந்த பல்புதான் பிடித்திருக்கிறது.

"ஒன்றுமே இல்லாதவன்" என்பதும் சரியில்லை. டிராக்டர் விசிறி, ஷாக் அப்சார்பர், அப்பாவின் ஓட்டைச் சைக்கிள் எல்லாம் இருந்தன. பி.வி.சி. குழாயை நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி இறக்கை செய்தான். துளை போட டிரில் கிடையாது. மக்காச்சோளத் தக்கையில் ஆணியைச் செருகி, பழுக்கக் காய்ச்சிக் குத்தினான். வாஷருக்குப் பாட்டில் மூடி. டைனமோ மட்டும் அகப்படவில்லை. நண்பன் கில்பர்ட் தன் காசில் அதை வாங்கிக் கொடுத்தான். கில்பர்ட் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அதைவிடப் பெரியது, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இருந்த சின்ன நூலகம். அங்கே கிடைத்த அறிவியல் புத்தகம் ஆங்கிலம். அவனுக்கோ அரைகுறை ஆங்கிலம். படத்தை முதலில் பார்ப்பான். 'படம் 10' என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடி, அதைச் சுற்றியுள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பிடிப்பான். மொத்தச் சுயசரிதையிலும் நான் திரும்பத் திரும்ப வாசித்த பகுதி இதுதான்.

உங்கள் அண்ணன் மகனுக்கு இந்த வித்தை புதிதல்ல. வீட்டிலும் வகுப்பிலும் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தின் அலமாரியில் பெரும்பாலும் மலையாளம். எல்லைப் பிள்ளைகள் பாதி தெரிந்த மொழியில் வழி கண்டுபிடித்தே வளர்கிறவர்கள். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தால் உங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வாயனசாலை இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஜூன் 19, அவர் நினைவாக வாசிப்பு நாள். அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய், படம் நிறைய உள்ள அறிவியல் புத்தகங்களை எடுத்துக் கொடுங்கள். மலையாளமாக இருந்தாலும் பரவாயில்லை. தமிழுக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று செயலாளரிடம் ஒரு மனுவும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் பிய்த்துக்கொண்டு அடிக்கும். கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைக் காட்டலாம். பிறகு அவன் ஆக்ரிக் கடையிலிருந்து, அதாவது பழைய சாமான் கடையிலிருந்து, எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால் தடுக்காதீர்கள். வில்லியமுக்குப் பைத்தியம் என்று ஊரோடு சேர்ந்து அவன் அம்மாவும் சொன்னார். உங்கள் அண்ணியை இப்போதே கொஞ்சம் சமாதானப்படுத்தி வையுங்கள்.