நீட் கைகூடாமல் பயோடெக்கில் சேர்ந்த மகளின் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானதுதான். நீட் மதிப்பெண் போதவில்லை, மகள் பி.எஸ்ஸி. பயோடெக்கில் சேர்ந்துவிட்டாள். முதல் ஆண்டிலேயே செல் உயிரியலும் மரபியலும். "பிளஸ் டூவில் படித்ததையே மறுபடி படிக்கிறாளே, இதை வைத்து என்ன வேலை கிடைக்கும்?" என்கிறீர்கள்.

தலைப்புகள் அதேதான், கேள்விகள் வேறு. பிளஸ் டூவில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண். இங்கே, அதிலுள்ள டி.என்.ஏ. தாய்வழியாக வருகிறது என்று சொல்லிவிட்டு, ஒரு குடும்பத்தின் வம்சாவளிப் படத்தைக் கொடுத்து, யார் யாருக்கு நோய் வரலாம் என்று கேட்பார்கள். மனப்பாடம் அங்கே உதவாது.

நம் ஊர்க் கணக்கு ஒன்றையே கொடுத்துப் பாருங்கள். தாய்மாமனைக் கட்டிக்கொண்டால், பிறக்கும் குழந்தைக்கு ஒரே மூதாதையரின் ஒரே மரபணுப் பிரதி அம்மா வழியாகவும் அப்பா வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு 8-ல் 1. மாமன் மகனையோ அத்தை மகனையோ கட்டினால் 16-ல் 1. ஏன் பாதியாகிறது? படம் போட்டு அவளே கண்டுபிடிக்கட்டும். இன்னொன்று: அப்பா, அம்மா இருவருமே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள், முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது. "அப்போ அடுத்த மூன்றும் தப்பிக்கும்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே 4-ல் 1தான். மருத்துவமனையில் மரபியல் ஆலோசகர் பெற்றோருக்குப் புரியவைக்கும் விஷயங்களில் இது முக்கியமானது. அதுவும் ஒரு வேலைதான், அம்மா.

மகள் பியூர் சயின்ஸ் குரூப், கணக்குக்கு முழுக்குப் போட்டவள் என்றீர்கள். எனக்குக் கவலை அங்கேதான். மரபியலில் நிகழ்தகவு வரும், எதிர்பார்த்த எண்ணிக்கையோடு கிடைத்த எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்க்கும் கை ஸ்கொயர் சோதனையும் வரும். எம்.எஸ்ஸி.க்கான ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளிலும் கணிதம் உண்டு. டியூஷன் வைப்பதானால் உயிரியலுக்கு வேண்டாம், பத்தாம் வகுப்பு நிகழ்தகவிலிருந்து கணக்குக்கு வையுங்கள்.

அப்புறம், லேப். வெங்காய வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி செல் பகுப்பைப் பார்ப்பதை ஒரு சடங்காக முடித்துவிட்டு, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறார்கள். குரோமோசோம் பரிசோதனைக் கூடங்களில் வேலைக்குத் தேவை அந்தக் கைப்பழக்கமே. ரத்த வெள்ளணுக்களைச் சுமார் 72 மணி நேரம் வளர்த்து, பகுப்பைப் பாதியில் நிறுத்தி, குரோமோசோம்களை வரிசைப்படுத்துவார்கள். மனிதருக்கு 46 என்பதே 1956-ல்தான் உறுதியானது. அதுவரை 48 என்று நம்பியிருந்தார்கள். அவ்வளவு நுணுக்கமான வேலை.

சம்பளம்? பி.எஸ்ஸி.யோடு நின்றால் சொற்பம்தான், மறைக்கவில்லை. எம்.எஸ்ஸி. வரை போகத் தயாரென்றால் மட்டும் இந்தப் படிப்பு. எம்.எஸ்ஸி. சேர, ஜாம் தவிர பயோடெக்குக்கான கேட்-பி, பல பாடங்களுக்கும் பொதுவான சி.யு.இ.டி. முதுநிலை ஆகிய நுழைவுத் தேர்வுகளும் இருக்கின்றன. கல்லூரிக்கும் போய், கூடவே நீட்டும் எழுதட்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டிலும் அரைகுறையாகத்தான் முடியும். எது வேண்டும் என்பதை முதல் இன்டர்னல் தேர்வுக்குள் அவளையே சொல்லச் சொல்லுங்கள்.